சாமந்திக்கு இருட்டு வேண்டும்

பெங்களூர் விவேக் நகரில் எங்கள் தெரு வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் இன்னொரு தெருவின் முதுகு. என் வாடகை வீட்டின் உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. உத்தரத்தை ஒட்டி ஒரு வென்டிலேட்டர், அதுவும் பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பார்த்தபடி. பழைய சூட்கேஸும் மடக்குக் கட்டிலும் கிடந்த அந்த அறையில்தான் போன ஆண்டு சாமந்தி வளர்க்க இறங்கினேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு பூக்கார அம்மா. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பிக் கூடை வைத்திருப்பவர். "இது ஓசூர் பக்கத்துப் பூவு, ராத்திரி பல்பு போட்டு வளக்கறாங்க" என்றார். பூவுக்கு எதற்குப் பல்பு? குளிருக்கு இருக்கும் என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது தப்பு என்று தெரிய எனக்கு நான்கு மாதமும் ஆறு நாற்றும் ஆயின.

சித்தாபுரம் நர்சரி வரிசையில் வேர்விட்ட நாற்று ஆறு வாங்கினேன். கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்து ஆறு தொட்டி. 40 வாட்டில் சிவப்பும் நீலமும் கலந்த ஒரு எல்இடி விளக்கு, அதை நேரத்துக்கு அணைக்க ஒரு டைமர். நாளுக்கு 15 மணி நேரம் எரித்தால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். காய்ந்த துணி எடுக்க அந்த அறைக்குள் போனால் கையெல்லாம் ரோஸ் நிறத்தில் தெரியும்.

முதல் பத்து நாளில் செடிகள் சரசரவென்று வளர்ந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது வளர்ச்சியல்ல, வெளிச்சத்தைத் தேடிய ஓட்டம். தண்டு நூலாக, கணுவுக்குக் கணு தூரமாக, இலை வெளிறி இருந்தது. நம் கண் இதில் பெரிய ஏமாற்றுக்காரன். நடுப்பகல் வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை போகும். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். கண் தன்னைத்தானே சரிசெய்து சமாளித்துக்கொள்வதால் இரண்டும் நமக்குப் 'பளிச்' என்றுதான் படுகின்றன. இலைக்கு அந்த வசதி இல்லை. விழுகிற வெளிச்சத்துக்குத் தக்கபடிதான் அதற்குச் சோறு. விளக்கை இரண்டடி உயரத்திலிருந்து ஓரடிக்கு இறக்கினேன். சின்ன விளக்கில் தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அடுத்த வாரமே புது இலைகள் கரும்பச்சையாக, கெட்டியாக வந்தன.

இரண்டு நாற்று அதற்குள் அழுகிவிட்டன. காரணம் என் கை. வெயில் படாத தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் காயாது. மேல்மண் வறண்டது போலிருந்தாலும் விரலை இரண்டு கணு இறக்கினால் உள்ளே சேறு. இன்னொரு நாள் இலையில் ஊசி குத்தினாற்போல வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டினேன். மிளகாய்த்தூள் மாதிரி விழுந்தது, பிறகு நடக்க ஆரம்பித்தது. சிலந்திப்பேன். மழையும் காற்றும் இல்லாத அறை அதற்குச் சொர்க்கம். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே வாரம் இரண்டு நாள் வேலையாயிற்று.

இனி அந்தப் பல்பு விஷயம். வெளிச்சம் செடிக்குச் சோறு மட்டுமல்ல, சேதியும்கூட. சோற்றுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். சேதிக்குக் கொஞ்சம் போதும்.

இதை மனிதன் தெரிந்துகொண்ட கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற தாவரவியலாளர் 1910களின் தொடக்கத்தில் கண்ணாடி வீட்டில் இரண்டு செடிகளைக் கவனித்துவந்தார். ஒன்று ஹாப் இனம், மற்றொன்று கஞ்சா. குளிர்காலத்தில் விதைத்தவை குட்டையாக இருக்கும்போதே பூத்தன. பகல் சுருங்கி இரவு நீள்வதே காரணம் என்று அவர் எழுதினார். முதல் உலகப் போர் அவரை வாரிக்கொண்டு போயிற்று, ஆராய்ச்சி அங்கேயே நின்றது. அமெரிக்காவில் கார்னர், அலார்டு என்ற இருவர் 1918 ஜூலையில் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டினார்கள். ஆளுயரம் தாண்டியும் கோடையில் பூக்கவே பூக்காது அது. அதைப் பிற்பகலிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்துவிட்டது. 1920இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் பகலளவு பற்றிய இயலுக்கு அடித்தளம்.

ஆனால் செடி எண்ணுவது பகலை அல்ல. 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தையை வைத்துச் சோதித்தார்கள். நம் ஊர்ப் புறம்போக்கில் முள்காயோடு நிற்குமே, அதேதான். பகலுக்கு நடுவில் சற்று நேரம் இருட்டாக்கினால் செடி சட்டை செய்யவில்லை. இரவுக்கு நடுவில் சில நிமிடம் விளக்கைப் போட்டாலோ அன்றைய கணக்கு பாழ், பூ இல்லை. ஆக, செடிக்கு வேண்டியது இடையில் முறியாத இருட்டு.

அந்தக் காலத்து நாழிகை வட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் துளையிட்ட கிண்ணம், தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும். பாதியில் யாராவது கவிழ்த்துவிட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. சிவப்பு வெளிச்சம் பட்டால் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல மெல்ல மறு வடிவம். நள்ளிரவில் ஒரு பல்பு எரிந்தால் வட்டில் கவிழ்ந்த மாதிரி. செடிக்குள்ளேயே ஓடும் தினசரிக் கடிகாரம் ஒன்றும் இதில் சேர்ந்திருப்பதால் உண்மை நிலவரம் இன்னும் சிக்கலானது. கட்டுரைக்கு வட்டில் போதும்.

சாமந்தி நீண்ட இரவைத் தேடும் செடி. ரகத்துக்கு ரகம் மாறினாலும், பகல் 13½ மணிக்குக் கீழே இறங்கினால் மொட்டுக்கட்ட ஆரம்பிக்கும். பெங்களூரிலோ ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம்தான், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் வாக்கில். நம் பக்கத்துச் சாமந்திக்கு வருஷம் முழுக்கப் 'பூக்கலாம்' என்றே சேதி போகிறது. நட்டவுடன் பூத்துவிட்டால் தண்டு ஏது, காம்பு ஏது? அதனால்தான் ராத்திரியில் பல்பு. நாலைந்து வாரம் இரவை நடுவே முறித்து, 'இன்னும் வளர், அவசரப்படாதே' என்று சொல்கிறார்கள். வேண்டிய உயரம் வந்ததும் பல்பை அணைத்தால் பூக்கட்டளை. ஐரோப்பியக் கோடையில் நிலைமை தலைகீழ். அங்கே செடிக்குக் கறுப்புத் துணி போர்த்தி இரவு உண்டாக்குகிறார்கள்.

இருட்டை எண்ணுவது நுனியிலுள்ள மொட்டு அல்ல, இலை. அதைக் காட்டியவர் சோவியத் ஆர்மீனியரான மிகாயில் சைலாக்யான், 1930களில். அவர் எடுத்துக்கொண்ட செடியே சாமந்திதான். நுனி இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறுகிய பகல் கொடுத்தார். நுனி பூத்தது. இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு பொருள் போகிறது என்று சொல்லி அதற்கு 'ஃபுளோரிஜன்' என்று பெயரும் வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியாக 2007 ஆயிற்று.

நானும் ஐந்து வாரம் 15 மணி வெளிச்சம் கொடுத்தேன். அந்த நாட்களில் ஒரு மாலை ஹவுஸ் ஓனர் அம்மா வாசலில் நின்றார். "தப்பா நெனச்சிக்காதப்பா, பக்கத்து வீட்டுக்காரர் கேக்கறாரு. ராத்திரி பத்து மணி வரைக்கும் உள்ள ரோஸ் கலர் லைட்டு எரியுதாமே. இன்னாத்த வளக்கற?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2021இல் பிடதி அருகே ஒரு வில்லாவுக்குள் விளக்கு வைத்துக் கஞ்சா வளர்த்ததாகச் சிலரை பெங்களூர் போலீசார் பிடித்தார்கள். 2024 நவம்பரில் சதாசிவநகர் போலீசிடம் ஒரு தம்பதி மாட்டிக்கொண்டது இன்னும் விசித்திரம். பால்கனிப் பூந்தொட்டிகளுக்கு நடுவே கஞ்சாச் செடியும் இருக்க, தோட்டத்தின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்களே போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். தூர்னுவா கண்ட அதே குணம் கஞ்சாச் செடிக்கு இருப்பதால்தான் அறைக்குள் விளக்கு, டைமர் என்ற ஏற்பாடெல்லாம் அதோடு சேர்த்தே பேசப்படுகிறது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (20ஆம் பிரிவு) அதை அனுமதியின்றி வளர்ப்பவருக்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஒரு தொட்டி என்றாலும் வளர்ப்பு வளர்ப்புதான். நாருக்கும் விதைக்கும் பயன்படும் போதை குறைந்த சணல்வகையை உத்தராகண்ட் 2018இல் உரிமத்தோடு அனுமதித்தது வேறு சங்கதி.

அந்த அம்மாவை உள்ளே அழைத்துக் காட்டினேன். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தார். கற்பூரமும் மூலிகையும் கலந்த அந்தக் கார வாசனைக்கு வேறு சாட்சி வேண்டாம். "அட, செவந்தி! கடையில முழம் கணக்குல விக்கிறான், இதுக்குப் போயி கரண்டு செலவா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

பிறகு டைமரை 11 மணிக்குக் குறைத்தேன். நான்காம் வாரம் மூன்று செடிகளின் நுனியில் மிளகளவு மொட்டுகள். நான்காவது செடியில் ஒன்றையும் காணோம், இலை மட்டும் தழைத்துக்கொண்டே போனது. உரமா, வேரா, நாற்றே மோசமா என்று குழம்பினேன். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. ஆனால் வென்டிலேட்டர் வழியாகப் பக்கத்து வீட்டு மாடிப்படி பல்பின் வெளிச்சம் ஒரு பட்டையாக இறங்கி, சரியாக அந்த நான்காவது தொட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. விடிய விடிய எரிகிற பல்பு. மற்ற மூன்றும் சூட்கேஸ் நிழலில் இருந்தன.

மறுநாள் காலை வென்டிலேட்டருக்கு ஒரு அட்டையை வெட்டி ஒட்டினேன். அன்றிலிருந்து 63ஆம் நாள் நான்காவது செடியும் பூத்தது. மூன்று பூ.