அங்கே ஹீரோ, இங்கே வில்லன்! ஒரு கள்ளிப் பூச்சியின் கதை

ஒரு பூச்சிக்கு நன்றி சொல்லி யாராவது மண்டபம் கட்டுவார்களா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பூனார்கா என்ற சிற்றூரில் 1936-ல் கட்டியிருக்கிறார்கள். 'கேக்டோபிளாஸ்டிஸ் நினைவு மண்டபம்' என்பது அதன் பெயர்.

கேக்டோபிளாஸ்டிஸ் ஒரு சின்ன அந்துப்பூச்சி. சாம்பல் கலந்த பழுப்பு நிறம். இறக்கையை விரித்தால் சுமார் மூன்று சென்டிமீட்டர் இருக்கும். சொந்த ஊர், தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா பக்கம்.

6 கோடி ஏக்கரில் கள்ளி

வேலிக்கும் அழகுக்கும் என்று ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது சப்பாத்திக்கள்ளி. அதைத் தின்ன அங்கே பூச்சி எதுவும் இல்லை. 1925 வாக்கில் சுமார் 6 கோடி ஏக்கரில் பரவிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு! வெட்டிப் போட்டால், விழுந்த துண்டும் வேர்விட்டது. பல விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விட்டே வெளியேறின.

அந்த ஆண்டு அர்ஜென்டினாவிலிருந்து சுமார் 3,000 முட்டைகள் கப்பலில் வந்தன. பயிர்களைத் தொடாது என்று சோதித்த பிறகு, பூச்சியைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் கள்ளிக் காடுகளில் விட்டார்கள்.

முள் மாதிரி முட்டை

தாய்ப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, குச்சிபோல அடுக்கும். பார்த்தால் இன்னொரு கள்ளிமுள் என்றே தோன்றும். ஒரு குச்சியில் 70 முதல் 90 முட்டைகள். பொரிந்த புழுக்கள் கூட்டமாகத் துளைத்து உள்ளே போய், தோலை விட்டுவிட்டுச் சதையைத் தின்று தீர்க்கும். வளர்ந்த புழு, கறுப்புப் புள்ளிகளுடன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அந்துப்பூச்சியான பிறகு அது எதையும் சாப்பிடுவதில்லை. கள்ளியை அழிப்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான்!

பத்து வருடங்களுக்குள் பெரும்பாலான கள்ளிக் காடுகள் காணாமல் போயின. குடும்பங்கள் நிலத்துக்குத் திரும்பின.

மெக்சிகோவின் கவலை

இந்த வெற்றியைப் பார்த்து, 1957-ல் கரீபியன் தீவுகளிலும் இதை விட்டார்கள். 1989-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளி அந்த மண்ணுக்கே சொந்தமான செடி. சில அரிய வகைகளையும் புழுக்கள் விடவில்லை.

பக்கத்து மெக்சிகோவிலோ கள்ளி வீட்டுச் சமையல் பொருள். முள் நீக்கிய மடலைக் கறியாகச் சமைப்பார்கள், பழத்தைச் சாப்பிடுவார்கள், மாட்டுக்கும் போடுவார்கள். அந்த நாட்டுக் கொடியில்கூட கழுகு உட்கார்ந்திருப்பது கள்ளி மேல்தான். 2006-ல் இஸ்லா முஹேரஸ் தீவில் பூச்சி நுழைந்ததும் மெக்சிகோ பதறியது. பொறி வைத்து, புழு அரித்த செடிகளை அகற்றி, மலடாக்கிய பூச்சிகளைப் பறக்கவிட்டு அதை ஒழித்தார்கள்.

ஒரு நாட்டைக் காப்பாற்றிய பூச்சியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும் முன், அங்கே யாருடைய தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.