செமிகோலன் விட்டுப்போனால்

வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அங்கே வரும் மனுக்களைப் பதிய நாமே ஒரு தரவுத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மனுக்கள் ‘மனு’ என்ற அட்டவணையில் இருக்கும். முடிந்ததை நீக்குவது, நிலுவையை எண்ணுவது போன்ற வேலைகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சிறு நிரல்களாக எழுதி வைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதற்குப் பெரிதும் பயன்படும் மொழி பிஎல்/பிஜிஎஸ்கியூஎல். யான் வீக் எழுதிய இந்த மொழி 1998-இல் 6.4 பதிப்புடன் வந்தது.

இதற்குச் சொந்தமாகக் கணக்குப் போடத் தெரியாது. கூட்டலோ ஒப்பீடோ எதுவானாலும், முன்னால் ‘செலக்ட்’ சேர்த்து, தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் எந்திரத்திடம் கொடுத்துவிடும். ‘நிலுவை := 2 + 3;’ என்று எழுதினால் உள்ளே ஓடுவது ‘செலக்ட் 2 + 3’. இதனால் எஸ்கியூஎல்லின் எல்லா வசதியும் கூடுதல் உழைப்பின்றிக் கிடைக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 7ஆம் எண் மனுவை நீக்க எழுதிய இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

நிலை := 1
டெலீட் ஃப்ரம் மனு வேர் எண் = 7;

கட்டளை முடிந்ததைக் காட்டும் செமிகோலன் முதல் வரியின் முடிவில் இல்லை. ஆகவே எந்திரத்துக்குப் போவது ‘செலக்ட் 1 டெலீட் ஃப்ரம் மனு வேர் எண் = 7’. 1 என்ற மதிப்புக்கு ‘டெலீட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. 13ஆம் பதிப்பு வரை, இடையில் ‘ஆஸ்’ என்ற சொல் இல்லாமல் இப்படி ஒரு கட்டளைச் சொல்லைப் பெயராக வைத்தால் பிழை காட்டும். 2021-இல் வந்த 14ஆம் பதிப்பில், இவ்வாறு தடை செய்யப்பட்ட சொற்களின் எண்ணிக்கை 90 சதவீதம் குறைக்கப்பட்டது. எஸ்கியூஎல் எழுதுவோருக்கு அது வசதி; நம் நிரலிலோ பிழைச்செய்தி காணாமல் போனது. 7ஆம் எண் மனு இருந்தால் ‘நிலை’ 1 ஆகும், இல்லையென்றால் வெறுமையாகும். மனு மட்டும் நீங்காது.

கூட்டல், ஒப்பீடு போன்ற கோவை இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃப்ரம்’, ‘வேர்’ எதையும் ஏற்காதே என்று கட்டளையிட்டால் தீர்ந்தது. ஆனால் ‘நிலுவை := கவுண்ட்(*) ஃப்ரம் மனு;’ என்று இந்த இளக்கத்தை நம்பி எழுதிய பழைய நிரல்கள் ஏராளம்; ஒரே நாளில் அவை நின்றுவிடும். எனவே, கடுமையான சோதனையை வேண்டியவர் மட்டும் இயக்கிக்கொள்ளட்டும் என்பது போஸ்ட்கிரெஸ் நிரலாளர் பாவெல் ஸ்தேஹுலே போன்றோரின் யோசனை. ஒரே பெயரில் இரு மாறிகள் வந்து ஒன்றை ஒன்று மறைப்பது போன்ற தவறுகளுக்கு இத்தகைய விருப்பச் சோதனைகள் ஏற்கெனவே உண்டு.

புதிதாக எழுதுவோர் அந்தக் கடுமையான சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டவணையிலிருந்து மதிப்பு வேண்டுமென்றால், ‘நிலுவை := (செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் மனு);’ என்று அடைப்புக்குறிக்குள் முழு வினவலாக எழுதுங்கள். சோதனை எவ்வளவு கடுமையானாலும் அந்த வரி ஓடும்.