சாம்பல் மேட்டில் ஒரு ராகமாலிகை

வடசென்னையின் சடையங்குப்பத்துக்காரர்களுக்கு ஆலைச் சத்தம் புதிதல்ல. ஒருபுறம் மணலி, மறுபுறம் எண்ணூர். இந்தச் சத்தத்தையே பாட்டாக்க முடியுமா என்று இங்கிலாந்தில் சிலர் முயன்றார்கள். 'த்ராபிங் கிரிஸில்' குழு 1976இல் தொடங்கிய 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்திலிருந்துதான் அந்த இசைக்கே பெயர் வந்தது. அதே வழியில் வந்த அமெரிக்கர் டிரெண்ட் ரெஸ்னர், நியூ ஆர்லியன்ஸில் பழைய ஈமச்சடங்குக் கூடம் ஒன்றை ஸ்டூடியோவாக்கி, 1999இல் 'தி ஃப்ராஜைல்' என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டார். மொத்தம் 23 பாடல்கள். முதல் வாரம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். அடுத்த வாரமே 16ஆம் இடம்!

எண்ணூரில் நடந்தது ஆலைச் சத்தத்தை இசையாக்கும் இந்த முயற்சிக்கு நேர் எதிர். 2017 பொங்கலன்று வெளியான 'சென்னை பொறம்போக்கு பாடல்' காணொளியில் பாடகர் டி.எம்.கிருஷ்ணா பாடுவது சுத்தமான கர்நாடக சங்கீதம். ஆலை இசைக்குள் வரவில்லை. இசை ஆலைக்குப் போனது.

கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதி மெட்டமைத்த பாட்டு அது. ஆர்.கே.ஸ்ரீராம்குமார் அதை ராகமாலிகையாக்கினார்: ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி. கேட்க எளிது, செய்யக் கடினம். பேச்சுத் தமிழில் சொற்கள் குறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கோ நீட்டிப் பாட உயிரோசை வேண்டும். இந்த இழுபறியைக் கொச்சை குலையாமல் சமாளித்ததுதான் பாட்டின் சாதனை.

ரதீந்திரன் ஆர்.பிரசாத் இயக்கிய அந்தக் காணொளியின் காட்சிகளில் தெரியும் சாம்பலுக்கு ஒரு கணக்கு உண்டு. இந்திய நிலக்கரியை எரித்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். வடசென்னை அனல்மின் நிலையம் அதை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறது. குழாய் கசிந்த இடங்களிலெல்லாம் குழம்பு கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. ஆழம் குறைந்தது, இறாலும் நண்டும் குறைந்தன என்கிறார்கள் மீனவர்கள். சாம்பல் துகள்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகள். ஆர்சனிக், ஈயம், பாதரசம் ஆகியவையும் சிறிதளவு கலந்திருக்கும். மிக நுண்ணியவை நுரையீரல்வரை போகும்.

'பொறம்போக்கு' என்ற வசவுச் சொல்லைக் கர்நாடக மேடைக்கு ஏற்றியதாகச் சிலர் முகம் சுளித்தார்கள். சபா வாசலையே மிதித்திராத பலர் பேகடாவைக் கேட்டதும் அப்போதுதான். அந்த வகையில் ரெஸ்னரின் இரண்டு தட்டுகளைவிட இந்தச் சில நிமிடப் பாட்டு துணிச்சலானது.

பாட்டு வெளியாகி இரண்டே வாரத்தில், ஜனவரி 28 அன்று, எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையொதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது.