குடும்ப சிகிச்சைப் பயிற்சியில் கற்பனைக் குடும்பங்கள்

நாவல், நாடகம் அல்லது திரைப்படத்தில் வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அது உண்மையில் உதவி நாடி வந்திருப்பதாகக் கருதிச் சிகிச்சைத் திட்டம் எழுதிப் பழகுவது, குடும்ப சிகிச்சை கற்பிக்கும் முறைகளுள் ஒன்றாகும். ஒருவரின் மனத்துயருக்கான காரணத்தை அவருக்குள் மட்டும் தேடாமல், வீட்டிலுள்ளோர் ஒருவரோடொருவர் பழகும் விதத்திலும் தேடுவது குடும்ப சிகிச்சையின் அடிப்படை. அவ்வாறு பார்க்கும் பழக்கம் பாடநூலைப் படிப்பதால் மட்டும் வருவதில்லை.

பின்னணி

பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் ஆகிய மூவரும் 1967இல் மனிதத் தொடர்பாடல் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். எட்வர்ட் ஆல்பீ எழுதிய 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வூல்ஃப்?' என்ற 1962ஆம் ஆண்டு நாடகத்தின் கணவன் மனைவி சண்டையை அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஆராய்ந்தனர்.

இம்முறையின் பயன் வெளிப்படையானது. உண்மைக் குடும்பத்தின் செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை. கதைக் குடும்பத்துக்கு அந்தத் தடை இல்லை. வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே காட்சியைப் பார்த்து விவாதிக்கலாம். மாணவரின் தவறான கணிப்பால் யாருக்கும் தீங்கு நேராது.

எடுத்துக்காட்டு: ஜாரெட் குடும்பம்

ஜூடித் கெஸ்ட் 1976இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கி 1980இல் வெளிவந்த திரைப்படம் 'ஆர்டினரி பீப்பிள்'. சிகாகோ அருகிலுள்ள வசதியான புறநகர் ஒன்றில் கதை நடக்கிறது. மூத்த மகன் பக் படகு விபத்தில் இறந்துவிடுகிறான். உடன் சென்று உயிர் தப்பிய இளையவன் கான்ராட், பின்னர் தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறான். தந்தை கால்வின் அவனைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிறார். தாய் பெத் வீட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார். இழப்பைப் பற்றிப் பேசுவதில்லை. படத்தில் மனநல மருத்துவர் பெர்கர் கான்ராடைத் தனியாகவே சந்திக்கிறார். கால்வின் ஒருமுறை சென்று பேசுகிறார். குடும்பமாகச் செல்லும் யோசனையை பெத் ஏற்பதில்லை. மூவரும் ஒன்றாக வந்திருந்தால் என்ன செய்யலாம் என்பதே மாணவருக்கான பயிற்சி.

திட்டம் எழுதும் படிகள்

1. பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்தல்: காலை உணவு வேண்டாம் என்று கான்ராட் சொன்னதும், பெத் தட்டிலிருந்ததை உடனே கொட்டிவிடுகிறார். இது பார்த்தது. 'பெத்துக்கு மகன்மேல் அன்பில்லை' என்பது ஊகம். தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினால் இந்த வேறுபாடு தெளிவாகும்.

2. குடும்ப வரைபடம்: ஜெனோகிராம் எனப்படும் இதில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக்குறி இடுவர். பக்கையும் வரைய வேண்டும். அவன் இறந்துவிட்டாலும் அந்த வீட்டின் உறவுகளைப் பாதித்துக்கொண்டே இருக்கிறான்.

3. கருதுகோள்: தாயும் மகனும் நேரடியாகப் பேசுவது அரிது; கால்வின் இருவருக்கும் நடுவில் நிற்கிறார். இருவருக்கிடையே உள்ள இறுக்கம் மூன்றாமவரை உள்ளே இழுப்பதை மரே போவன் முக்கோணம் என்று விளக்கினார். தாய்க்கும் மகனுக்கும் இடையே உள்ளதை, சால்வடோர் மினுசின் வகுத்த முறையில் இறுகிய எல்லை எனலாம்.

4. பாதுகாப்பு: தற்கொலைக்கு முயன்ற ஒருவர் வீட்டில் இருக்கும்போது இதுவே முதல் பணி. தற்போதைய ஆபத்தை நேரடியாகக் கேட்டறிதல், நெருக்கடியில் யாரை அழைப்பது என்று எழுதிவைத்தல், தீங்குக்குப் பயன்படக்கூடியவற்றை அகற்றுதல் ஆகியவை திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

5. இலக்குகள்: 'பெத் அன்பானவராக மாற வேண்டும்' என்பது இலக்கு ஆகாது, அதை யாரும் அளக்க முடியாது. கான்ராட் நீச்சல் குழுவிலிருந்து விலகியதைப் பெத் பிறர் வாயிலாக அறிகிறார். எனவே 'முக்கியமான செய்தியைக் கான்ராட் தானே பெற்றோரிடம் சொல்வது. அவன் சொல்லி முடிக்கும்வரை இருவரும் குறுக்கிடாமல் கேட்பது' என்று எழுதலாம். அது நடந்ததா இல்லையா என்று அடுத்த சந்திப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

6. வழிமுறையும் மறுபார்வையும்: கால்வின் இடையில் பேசாதிருக்க, தாயும் மகனும் சில நிமிடம் நேரே பேசுமாறு சந்திப்பிலேயே செய்வது மினுசின் பயன்படுத்திய முறை. சில சந்திப்புகளுக்குப் பின் முன்னேற்றம் இல்லையெனில் கருதுகோளை மாற்ற வேண்டும்.

யார் பக்கம் நிற்பது?

இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பெத்தைக் குற்றவாளியாக்கிவிடுவது எளிது. திரைக்கதை பெரும்பாலும் கான்ராடின் பக்கமிருந்தே செல்கிறது. ஆனால் பெத்தும் மகனை இழந்த தாய். வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதே அவர் சரிந்துவிடாமல் நிற்கும் வழியாக இருக்கலாம். சிகிச்சையாளர் ஒவ்வொருவர் பக்கமும் முறையே நின்று பார்க்க வேண்டும் என்று இவான் போசோர்மெனி-நாகி வலியுறுத்தினார். ஒருவர்மீது பழியைச் சுமத்தும் திட்டம் கையில் இருந்தால், அந்த ஒருவர் இரண்டாம் சந்திப்புக்கே வராமல் போகலாம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதிய திட்டத்தை பெத்தின் கையில் கொடுத்ததாகக் கருதி வாசிக்க வேண்டும். தன் துயரமும் இதில் இருக்கிறது என்று அவர் உணர்வாரா? இல்லையென்றால் திட்டத்தைத் திருத்த வேண்டும். பிறகு கால்வினாகவும் கான்ராடாகவும் வாசிக்க வேண்டும்.

வரம்புகள்

கதைமாந்தர் நம் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இயக்குநர் காட்டியது மட்டுமே நமக்குத் தெரியும். இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, மாணவர்களே குடும்பத்தினராக நடித்துப் பழகுவர். வர்ஜீனியா சடிர் தம் பயிற்சிகளில் இத்தகைய நடிப்புக் குடும்பங்களைப் பயன்படுத்தினார். கதையின் முடிவு தெரிந்திருந்தால் கணிப்பும் அதை நோக்கியே சாயும். ஆகவே படத்தைப் பாதியில் நிறுத்தித் திட்டம் எழுதச் சொல்வது நல்லது.

குடும்ப அமைப்பும் இடத்துக்கு இடம் மாறும். ஜாரெட் வீட்டில் இருப்பவர்கள் மூவர். பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பலர் சேர்ந்து முடிவெடுக்கும் வீட்டுக்கு அதே திட்டம் பொருந்தாது. யாரை அழைப்பது என்ற கேள்வியே அங்கு முதலில் எழும்.

இப்பயிற்சி சிகிச்சை அளிக்கும் தகுதியைத் தருவதில்லை. மாணவர்கள் இதைத் தம் உறவினர்மீது செய்து பார்க்கக் கூடாது. உண்மைக் குடும்பங்களைச் சந்திக்கும் நிலை வரும்போது, அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் இருந்தே தொடங்க வேண்டும்.