ஒரு கையால் தூக்கும் கதவு

எண்பது கிலோ எடையுள்ள ஒரு கதவை எட்டு வயதுச் சிறுமி ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிவிடுகிறாள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் வட எல்லையில், கனடாவை ஒட்டிக் கிடக்கும் மினசோட்டா மாநிலத்தில் இது அன்றாடக் காட்சி. அங்கே பெரும்பாலான வீடுகளில் காருக்கென்று ஒரு கொட்டகை உண்டு. கராஜ் என்பார்கள். சிறுமி தூக்குவது அதன் கதவைத்தான்.

அவ்வூர்க் குளிரைப் பற்றி ஒரு சொல். 1996 பிப்ரவரி 2 அன்று டவர் என்னும் சிற்றூரின் அருகே வெப்பநிலை −51° செல்சியசுக்கு இறங்கியது. அது அம்மாநிலம் கண்ட உச்சக் குளிர். ஆனால் ஜனவரி இரவில் −20° என்பது அங்கே செய்தியே அல்ல. அக்குளிரில் காரை வெளியே நிறுத்தினால் என்ஜின் எண்ணெய் கெட்டிப்படும், பேட்டரி சோர்ந்து போகும். ஆகவே வீட்டுச் சுவரோடு சேர்த்தே கொட்டகை கட்டுகிறார்கள். 1950-களிலும் 60-களிலும் கட்டிய வீடுகளில் பலவற்றுக்கு மரக்கதவு. பல்லாண்டு பனியிலும் ஈரத்திலும் நின்று மரம் உளுத்து, கோணிக்கொண்டபின் அதை மாற்ற வேண்டி வருகிறது. கதவு மாற்றுவது தச்சர் வேலை, அதில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இயற்பியல் தெரியாமல் இந்தக் கதவில் கை வைத்தால் கை போகும். உயிரே போனதும் உண்டு.

முதலில் கதவின் அமைப்பைப் பார்ப்போம். வெளிப்புறம் திறக்கும் சாதாரணக் கதவு அங்கே உதவாது; இரவில் அதன் முன் பனி குவிந்துவிட்டால் காலையில் திறக்காது. 1921-இல் சி. ஜி. ஜான்சன் என்ற அமெரிக்கர் கதவை மேலே தூக்கும் வழியைக் கண்டார். கதவு கிடைமட்டமாக நான்கைந்து பலகைகளாகப் பிரிந்திருக்கும். பலகைகளைக் கீல்கள் இணைக்கும். ஓரங்களில் சிறு சக்கரங்கள். அவை இருபுறத் தண்டவாளங்களில் ஓடும். தண்டவாளம் மேலே வளைந்து கூரையின் கீழ்ப் படுத்துச் செல்கிறது. கதவும் அப்படியே ஏறிப் படுத்துக்கொள்கிறது.

எடையைச் சுமப்பது யார்? வாசலுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. அதில் கெட்டியான எஃகுச் சுருள்வில் கோத்திருக்கும். தண்டின் இரு நுனிகளிலும் உருளைகள். உருளையில் சுற்றிய எஃகு வடம் கதவின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கிறது. கதவு இறங்கும்போது வடம் உருளையைச் சுழற்றுகிறது, சுருள்வில் முறுக்கேறுகிறது. ஏறும்போது முறுக்கு அவிழ்ந்து வடத்தை இழுக்கிறது. நம் ஊர்க் கடைகளின் இரும்பு ஷட்டரிலும் இதே வேலையைச் செய்யும் சுருள்வில் மேலே மறைந்திருக்கிறது.

இதில் ஓர் அழகைக் கவனியுங்கள். மூடியிருக்கும்போது 80 கிலோவும் வடத்தில் தொங்குகிறது. ஏற ஏற, ஒவ்வொரு பலகையும் கிடைத்தண்டவாளத்தில் படுத்துவிடுகிறது; அதன் எடையைத் தண்டவாளம் ஏற்றுக்கொள்கிறது. பாதி ஏறியதும் வடத்தில் மிஞ்சுவது 40 கிலோ. முழுதும் ஏறியபின் ஏறத்தாழ ஒன்றுமில்லை. சுருள்வில்லும் அதே போக்கில்தான் நடக்கிறது. முறுக்கிய கோணம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் திருப்புத்திறன். ஹூக் விதியின் இன்னொரு வடிவம் இது. முறுக்கு அவிழ அவிழ இழுவையும் சீராகக் குறைகிறது. இரண்டு குறைவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வில்லைத் தேர்ந்தெடுத்தால், கதவு எந்த உயரத்திலும் சமநிலையில் நிற்கும். சிறுமியின் கை வெல்ல வேண்டியது உராய்வை மட்டுமே.

கணக்கும் போடலாம். கதவின் உயரம் 7 அடி, அதாவது 2.13 மீட்டர். வடத்தின் இழுவை 784 நியூட்டனில் தொடங்கிச் சுழியில் முடிகிறது, சராசரி 392. அதை 2.13-ஆல் பெருக்கினால் 835 ஜூல். ஒரு கிலோ கல்லை 85 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் மோதும்போது இருக்கும் ஆற்றல் அது. உருளையின் சுற்றளவு சுமார் 32 செ.மீ.; ஆகவே கதவு முழுதும் இறங்கினால் உருளை ஆறே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். கதவு ஏறி நிற்கும்போதும் வடம் தளராதிருக்கச் சிறிது முறுக்கு மிச்சம் வேண்டும். எனவே ஏழரைச் சுற்று முறுக்கிவைக்கிறார்கள். கதவு மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நொடியும் அவ்வளவு ஆற்றலும் தலைக்கு மேலே காத்திருக்கிறது.

பழைய கதவைக் கழற்றும்போது ஆபத்து இங்கேதான். முறுக்கை அவிழ்க்காமல் வடத்தையோ பூட்டாணியையோ தொட்டவர்களின் விரல்களை அது முறித்திருக்கிறது. இதற்கென்று உள்ள இரும்புக் கம்பிகளைத் துளையில் செருகிக் கால் சுற்றாக அவிழ்க்க வேண்டும். கம்பிக்குப் பதில் திருப்புளியைச் செருகுவது தற்கொலைக்குச் சமம். வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்வதில் அமெரிக்கர்களுக்குப் பெருமை உண்டு; ஆனால் இந்த ஒன்றைப் பயின்ற ஆளிடம் விடுவதே அறிவுடைமை.

பழைய வில் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே புதுக் கதவுக்கும் மாட்டினால் என்ன? நுரை அடைத்த புது எஃகுக் கதவு 55 கிலோதான் என்று வைத்துக்கொள்வோம். வில் 80 கிலோவுக்கு இழுக்கிறது. மிஞ்சும் 25 கிலோ இழுவை, கதவை விட்டவுடன் மேலே எறியும். புதுக் கதவு அதிக எடையாக இருந்தால் கில்லட்டின் போலக் கீழே விழும். வில்லுக்கு ஆயுளும் உண்டு. சாதாரண வில்லை 10,000 முறை ஏறி இறங்கக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. களைத்துப்போன எஃகு குளிரில் நெகிழ்ந்து கொடுக்காது. அதனால்தான் பல வில்கள் கடுங்குளிர்க் காலையில், முதல் முறை திறக்கும்போது, துப்பாக்கி வெடித்தாற்போல் முறிகின்றன. கதவு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றறிய எளிய சோதனை: மோட்டாரின் பிடியை விடுவித்து, கதவைக் கையால் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுக்க வேண்டும். அங்கேயே நின்றால் வில் சரி.

மோட்டாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் கதவு சிறுவர்கள் மேல் இறங்கிப் பல உயிர்கள் போன பின், 1993 ஜனவரி முதல் செய்யப்படும் வீட்டுக் கதவு மோட்டார்களில், வழியில் ஆள் இருந்தால் கதவு திரும்பி ஏறும் ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதித்தது. பெரும்பாலும் தரைக்குச் சற்று மேலே வாசலின் குறுக்கே செல்லும் கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கற்றையே அந்தக் காவல். அதற்கு முந்தைய மோட்டார் பழைய வீட்டில் இருந்தால், கதவோடு அதையும் மாற்றிவிட வேண்டும்.

இனிக் குளிருக்கு வருவோம். கொட்டகையின் உள்ளே 5°, வெளியே −20°. வேறுபாடு 25°. கதவின் பரப்பு 5.9 சதுர மீட்டர். மெல்லிய பலகை பதித்த பழைய மரக்கதவில், சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு, 3 வாட் வெப்பம் கடந்து போகும் எனலாம். மொத்தம் சுமார் 440 வாட். இரு எஃகுத் தகடுகளுக்கிடையே 5 செ.மீ. பாலியூரித்தேன் நுரை அடைத்த கதவில் 3 வாட்டுக்குப் பதில் அரை வாட். மொத்தம் 75 வாட்டுக்குள் அடங்கும். விற்பவர்கள் இந்தத் தடையைத்தான் ‘ஆர்’ என்னும் எண்ணாகக் கதவின் விளம்பரத்தில் அச்சிடுகிறார்கள்.

அந்த எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். அது பெரும்பாலும் பலகையின் நடுவில் உள்ள மதிப்பு. பலகைகள் சேரும் இடத்திலும் விளிம்பிலும் எஃகு உள்ளிருந்து வெளிவரை தொடர்ந்து சென்றால், வெப்பம் நுரையைச் சுற்றிக்கொண்டு அவ்வழியே ஓடும். அதைவிடப் பெரிய திருடன் இடைவெளி. கதவைச் சுற்றிலும் உள்ள விளிம்பின் நீளம் 9.8 மீட்டர். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 17 செ.மீ. சதுரமான ஓர் ஓட்டை! அதில் பாதி வழியே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், மெல்லிய இளங்காற்றாக, குளிர்காற்று நுழைந்தாலும் நொடிக்குச் சுமார் 15 லிட்டர். அதை 25° சூடாக்க 480 வாட் வேண்டும். பழைய மரப்பலகை முழுதும் இழந்ததைவிட இது அதிகம். விலையுயர்ந்த நுரைக்கதவை வாங்கி இடைவெளியை அடைக்காமல் விட்டவர், ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போட்டவர்தாம்.

பழைய வீட்டில் இடைவெளியை அடைப்பது எளிதன்று. மினசோட்டாவில் நிலம் ஆழமாக உறைகிறது. தென்பகுதியில் 42 அங்குலம், வடபகுதியில் 60 அங்குலம் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் போக வேண்டும் என்பது கட்டட விதி. ஆனால் கொட்டகையின் கான்கிரீட் தரை மேலாகத்தான் கிடக்கிறது. அதன் கீழுள்ள ஈரம் உறையும்போது விரிந்து தரையைத் தூக்குகிறது, ஓரிடத்தில் அதிகமாக, ஓரிடத்தில் குறைவாக. ஐம்பது குளிர்காலம் கண்ட தரை மட்டமாக இராது. நேர்க்கோடாக இருக்கும் கதவின் அடிவிளிம்பு மேடுபள்ளமான தரையில் உட்கார்ந்தால் ஒளி தெரியும். தடித்த ரப்பர் பட்டை அதை நிரப்பும். பிளாஸ்டிக் பட்டை வேண்டாம். குளிரில் விறைத்து மடங்காமல் நிற்கும். காரிலிருந்து உருகிய பனிநீர் பட்டையைத் தரையோடு உறையவைப்பதும் உண்டு. அப்போது பொத்தானை அழுத்தினால் மோட்டார் பட்டையைக் கிழித்துக்கொண்டு கிளம்பும்.

புதுக் கதவே வளையவும் செய்யும். வெளித்தகடு −20°, உள்தகடு 5°. இரண்டும் எஃகுதான், ஆயினும் 2.75 மீட்டர் நீளத்தில் வெளித்தகடு 0.8 மி.மீ. கூடுதலாகச் சுருங்குகிறது. ஈருலோகத் தகடு வளைவதைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கே உலோகம் ஒன்று, வெப்பநிலை இரண்டு. கணக்கிட்டால் கதவின் நடுப்பகுதி 5 மி.மீ.க்கும் மேல் உட்புறம் புடைக்கிறது. கோடையில் கச்சிதமாகப் பொருந்திய கதவு ஜனவரியில் மேல்விளிம்பின் நடுவே வாய் திறப்பது இதனால்தான். சட்டத்தில் அடிக்கும் பட்டை வளைந்து கொடுத்துத் தொடர்ந்து கதவைத் தொடும்படி இருக்க வேண்டும்.

கொட்டகைக் காற்று கொட்டகையோடு நிற்பதில்லை. வீட்டின் சூடான காற்று இலேசாகி மேலே ஏறிக் கூரையின் கீறல்கள் வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று இழுக்கப்படுகிறது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சந்துகள் அதற்கு வசதியான வழி. அதனால்தான் கொட்டகைக்கு மேலுள்ள படுக்கையறை சில்லிடுகிறது. குளிரோடு நின்றால் பரவாயில்லை. புதுக் கதவு நன்றாக அடைத்திருக்க, குளிர் தாங்காமல் ஒருவர் கதவைத் திறக்குமுன்பே என்ஜினை ஓடவிட்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு கொட்டகையை நிரப்பி அதே வழியில் வீட்டினுள் ஏறும். கதவைத் திறந்துவைத்து ஓடவிட்டாலும் போதாது; காரை வெளியே கொண்டுவந்த பின்பே என்ஜினைச் சூடேற்ற வேண்டும். மினசோட்டாவில் ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் பத்து அடிக்குள் அவ்வாயுவைக் கண்டு அலறும் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம்.