பதினெட்டு வயதில் உலகத்தின் கதவைத் தட்டுகிறார்கள்... தெரியுமா?

பிளஸ் டூ முடித்த பையனைத் தனியாகப் பக்கத்து ஊருக்கு அனுப்பவே நமக்கு வயிற்றைக் கலக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அதே வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், பேர் தெரியாத ஊரில், முகம் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டக் கிளம்புகிறார்கள்! வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் இரண்டு பேர். மார்மன்கள் என்று ஊர் அறிந்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் இளம் ஊழியர்கள் இவர்கள். உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கும் மேல்! அவர்கள் வாழ்க்கை ஆச்சரியம் என்றால், அவர்கள் தாங்கும் தோல்விகள் அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

சம்பளம் இல்லை, கைக்காசுதான் போகும்... தெரியுமா?

ஆண்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். ஒரு பைசா சம்பளம் கிடையாது! 2020 ஜூலை முதல் அமெரிக்க ஊழியர் ஒருவருக்கு மாதம் 500 டாலர் என்று கணக்கிட்டு, அவரோ அவர் குடும்பமோ சபைக்குக் கட்டுகிறார்கள். செலவு குறைந்த ஊரோ, விலைவாசி கொளுத்தும் டோக்கியோவோ, கட்டும் தொகை ஒன்றுதான். சரி, ஊரையாவது தேர்ந்தெடுக்கலாமா? அதுவும் முடியாது! விண்ணப்பம் போடுவது மட்டும்தான் இவர்கள் வேலை. எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபையின் அப்போஸ்தலர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த அழைப்பு வரும் நாளில் குடும்பமே கூடி நிற்க, பையன் சத்தமாகப் படிக்கிறான். அடுத்த நொடி வீட்டில் கூச்சல், கைத்தட்டல், அம்மாவின் கண்ணில் நீர்!

ஏழரை அடி வீரரும் பந்தை வைத்துவிட்டுப் போனார்... தெரியுமா?

கூடைப்பந்து வீரர் ஷான் பிராட்லியின் உயரம் 7 அடி 6 அங்குலம்! கல்லூரி ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் 1991இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஊழியத்துக்குப் போனார். இரண்டு ஆண்டு போட்டி ஆட்டமே இல்லை. எதிர்காலம் போயிற்று என்று நினைப்பீர்கள். திரும்பி வந்த 1993இலேயே என்.பி.ஏ. வீரர் தேர்வில் இரண்டாவது ஆளாகக் கொத்திக்கொண்டு போனார்கள்!

சில வாரத்தில் புது மொழி... தெரியுமா?

யூட்டாவின் புரோவோ நகரப் பயிற்சி மையத்தில் 50க்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத்தருகிறார்கள். சில வாரங்கள்தான், பிறகு தெருவில் இறங்க வேண்டும்! மனப்பாடம் செய்த நாலு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்கும் பாட்டி மடமடவென்று ஏதோ கேட்பார். பையனுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. காது சிவக்க நின்று, சிரித்து, நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். ஆனால் 1854இல் ஜோசப் எஃப். ஸ்மித் என்பவர் ஊழியத்துக்காக ஹவாய்க்கு அனுப்பப்பட்டபோது வயது வெறும் 15! தாயும் தந்தையும் இல்லாத பிள்ளை. சுமார் நூறே நாளில் ஹவாய் மொழி பேசினார். பிற்காலத்தில் சபையின் ஆறாவது தலைவரானதும் அவரேதான்!

தனிமை என்ற ஒன்றே கிடையாது... தெரியுமா?

காலை ஆறரைக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் படுக்கை. அதுவரை ‘கம்பானியன்’ எனப்படும் ஜோடி ஊழியர் கூடவே இருக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் போகக் கூடாது! பிடித்தவரை ஜோடியாகக் கேட்டு வாங்கவும் முடியாது. குறட்டை விடுபவர், முகம் கொடுத்துப் பேசாதவர், யாரானாலும் அனுசரித்துப் போக வேண்டும். ஒருவழியாகப் பழகும் நேரத்தில் டிரான்ஸ்ஃபர் வந்து நிற்கும்! காதல் கூடாது, சினிமா கூடாது. துணி துவைக்க, முடி வெட்ட, காய்கறி வாங்க வாரத்தில் ஒரு நாள். 2019 பிப்ரவரிவரை வீட்டுக்குப் போன் பேச அனுமதி கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான்! அதன் பிறகுதான் வாரம் ஒருமுறை அம்மாவின் குரலைக் கேட்க வழி பிறந்தது.

முதல் நாளே மரத்தடியில் படுத்தவர்... தெரியுமா?

1830. சபை தொடங்கி சில மாதம்தான் ஆகிறது. நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல், சபையின் வேதநூலான மார்மன் புத்தகப் பிரதிகளை முதுகுப் பையில் சுமந்துகொண்டு நியூயார்க் மாநிலக் கிராமங்களில் நடந்தார். போன இடமெல்லாம் இல்லை, வேண்டாம். இரவு ஒரு விடுதிக்காரர், இவர் கொண்டுவந்த புத்தகத்தின் சங்கதி தெரிந்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார். ஆப்பிள் மரத்தடியில் படுத்தார் மனிதர்! இத்தனை பாடுபட்டும் பலன் இல்லை என்றே அவர் நினைத்தார். ஆனால் அவர் கொடுத்துவிட்டு வந்த புத்தகங்கள் கைமாறிக் கைமாறிப் பிரிகாம் யங் என்பவரிடம் சேர்ந்தன. 1847இல் மக்களை அழைத்துக்கொண்டு சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் போய் ஊர் எழுப்பியவர் அந்த யங்தான்!

‘அப்பா, உங்கள் பணம் வீண்’ என்று எழுதியவர்... தெரியுமா?

1933, இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம். எங்கும் பொருளாதார மந்தம். கேட்க ஆள் இல்லை, உடம்பும் சரியில்லை. மனம் நொந்த கோர்டன் ஹிங்க்லி என்ற இளைஞர், தன் காலமும் அப்பாவின் பணமும் வீணாகின்றன என்று வீட்டுக்கு எழுதினார். திரும்பி வா என்று அப்பா சொல்லவில்லை. உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்ற பொருளில் சுருக்கமாகப் பதில் எழுதினார். அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்தான்! 1995 முதல் 2008இல் இறக்கும்வரை சபையின் தலைவராக இருந்தவர் அவர்தான்.

நம் சென்னைக்கும் வந்தார்கள்... தெரியுமா?

ஆம், 1853இலேயே! சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலண்டைன், கடல் கடந்து கல்கத்தா வழியாக மதராஸில் வந்து இறங்கினார். ஓராண்டு உழைத்தார், பத்திரிகைகூட நடத்தினார். சேர்ந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1854இல் கப்பலேறிவிட்டார்.

பாதியில் திரும்புவோரின் வலி... தெரியுமா?

2020இல் கொரோனா வந்தபோது பல்லாயிரம் பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்ப நேர்ந்தது. மற்ற காலத்திலும் நோயாலோ மனச்சோர்வாலோ பாதியில் வருகிறவர்கள் உண்டு. ஊரார் பார்வைக்கு அஞ்சிக் குன்றிப்போகும் பிள்ளைகள் அவர்கள். உடல்நிலை இடம் கொடுக்காதவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை செய்ய இப்போது சபையில் வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடு! எத்தனை பேரைச் சேர்த்தாய் என்ற கணக்கை வைத்து அந்த வயதை அளக்கவே கூடாது. நூறு பேர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திய பிறகும் நூற்றியோராவது வீட்டில் கோபமில்லாமல் வணக்கம் சொல்லப் பழகினானே, அதுதான் சம்பாத்தியம்!

எந்த ஊரிலாவது அந்தக் கறுப்புப் பெயர்ப்பட்டைக்காரர்கள் உங்கள் வாசலுக்கு வந்தால், அவர்கள் சொல்வதை ஏற்கத் தேவையில்லை. வேண்டாம் என்று நேராகவே சொல்லுங்கள். ஆனால் உட்காரச் சொல்லி ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். டீ, காபி குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 1833 முதல் அவர்கள் மதம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது!