நிறம் பிறழாத நிழற்படம்

பயிரின் நலத்தை அறிவதற்குரிய அடையாளங்களுள் நிறம் முதன்மையானது. நெற்பயிரில் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்றும், இளம் இலைகள் முதலில் வெளிறினால் கந்தகச்சத்தோ இரும்புச்சத்தோ குறைந்துள்ளது என்றும் ஐயுறுதல் வழக்கம். இலைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமடைந்து, பயிரும் குட்டையாக நின்றால், பச்சைத் தத்துப்பூச்சியால் பரவும் துங்ரோ நோயாக இருக்கலாமா என்று ஆராய வேண்டும். தழைச்சத்துக் குறைவுக்கு யூரியா பயன் தரும். வைரஸால் வரும் துங்ரோ நோய்க்கு அது மருந்தாகாது. ஆகவே மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையேயுள்ள சிறு வேறுபாட்டைத் தவறாகக் கண்டால், உரமும் பொருளும் வீணாவதோடு, நோயைத் தடுப்பதற்குரிய காலமும் கைதப்பிப் போகும்.

முன்னாளில் விரிவுப் பணியாளர் வயலுக்கு நேரிற் சென்று, இலையைக் கண்ணாற் கண்டு முடிவு செய்தார். இன்று கைப்பேசியால் எடுத்த நிழற்படமே பல வேளைகளில் வல்லுநரைச் சென்றடைகின்றது. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பும், வயலிலிருந்து அனுப்பப்பெறும் படங்களைப் பயன்படுத்துகின்றது. இவ்வாறு படமே சான்றாகி விட்டபோது, அச்சான்றில் காணும் நிறம் இலைக்கு உரியதா, அன்றி ஒளிக்கு உரியதா என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை தருவதே காமிராக்களில் 'ஒயிட் பாலன்ஸ்' என வழங்கும் வெண்மைச் சமன்பாடு.

ஒளிக்கும் நிறம் உண்டு

எல்லா ஒளியும் வெண்மையானது அன்று. ஓர் இலட்சியக் கரும்பொருளைச் சூடேற்றினால் அது முதலில் செந்நிறமாகவும், பின்னர் மஞ்சளாகவும், மேலும் சூடேற வெண்மையாகவும், இறுதியில் நீலம் கலந்த வெண்மையாகவும் ஒளிரும். இவ்வியல்பைக் கொண்டு ஒளியின் நிறத்தை வெப்பநிலையால் குறிப்பது அறிவியலார் மரபு. இதற்கு அலகு கெல்வின். மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். இழை மின்விளக்கின் ஒளி 2,700 முதல் 2,900 வரை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500. மேகம் மூடிய வானத்தின் ஒளி ஏறத்தாழ 6,500. தெளிந்த வானத்தின் கீழ் நிழலான இடத்திற்கு நீலவானின் ஒளியே பெரும்பாலும் வந்து சேர்வதால், அங்கு இது 7,000 கெல்வினைக் கடந்தும் செல்லும்.

இவ்வேறுபாடு மக்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. வெள்ளை வேட்டி வெயிலிலும் வெள்ளையாகத் தோன்றுகின்றது. இரவில் விளக்கொளியிலும் வெள்ளையாகவே தோன்றுகின்றது. கண்ணும் மூளையும் சூழ்ந்துள்ள ஒளிக்கேற்பத் தம்மைத் திருத்திக் கொள்வதே இதற்குக் காரணம். கண்ணிலுள்ள மூவகை நிற உணர்விகளும் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன என்னும் கருத்தை, ஜெர்மானிய அறிஞர் வான் கிரீஸ் 1902 ஆம் ஆண்டில் வெளியிட்டார். காமிராவில் வெண்மைச் சமன்பாடு செய்யும் கணக்கும் இக்கருத்தையே ஒட்டியது.

காமிரா செய்யும் கணக்கு

டிஜிட்டல் காமிராவின் ஒளியுணரித் தகட்டில் இலட்சக்கணக்கான நுண்புள்ளிகள் உள்ளன. அவை தாமாக நிறத்தை அறியமாட்டா. ஒவ்வொன்றின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டி பொருத்தப்பட்டுள்ளது. நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்னும் அமைப்பு பெரிதும் வழக்கிலுள்ளது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் இவ்வமைப்பிற்கு 1976 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

மாலை வெயிலில் ஒரு வெண்ணிற அட்டையைப் படமெடுப்பதாகக் கொள்வோம். அட்டையில் விழும் ஒளியில் நீலம் குறைவாதலால், சிவப்பு 200, பச்சை 180, நீலம் 120 என அளவுகள் கிடைக்கலாம். அட்டை வெண்மையாகத் தோன்ற வேண்டுமாயின் மூன்றும் சமமாதல் வேண்டும். எனவே சிவப்பை 0.9 ஆலும், நீலத்தை 1.5 ஆலும் பெருக்கினால் மூன்றும் 180 ஆகி விடுகின்றன. இதே பெருக்கெண்களைப் படம் முழுவதற்கும் பயன்படுத்தும்போது, அதே ஒளியிலுள்ள இலையின் நிறமும் திருத்தம் பெறுகின்றது. வெண்மைச் சமன்பாடு என்பது சுருங்கச் சொன்னால் இவ்வளவே.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வெள்ளை அட்டை எதுவென்று காமிராவுக்குச் சொல்லாவிடில், பெருக்கெண்களை அது தானே ஊகித்தாக வேண்டும். காட்சியிலுள்ள எல்லா நிறங்களையும் கலந்து சராசரி கண்டால் சாம்பல் நிறமே வரும் என்பது இவ்வூகத்திற்கு அடிப்படையான பழைய விதிகளுள் ஒன்று. பல நிறங்கள் கலந்த கடைத்தெருவுக்கு இவ்விதி ஓரளவு பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது. இன்றைய காமிராக்கள் இதனினும் நுட்பமான முறைகளைக் கையாளுகின்றன. எனினும் ஒரே நிறம் சட்டம் முழுதும் நிறைந்த காட்சியில் அவையும் தடுமாறுதல் உண்டு.

நல்ல பச்சைப் பயிர் படத்தை நிறைத்து நின்றால், ஒளியே பச்சையானது என்று காமிரா தவறாகக் கொண்டு, பச்சையைக் குறைத்து விடக் கூடும். செழித்த பயிர் சற்று வாட்டமுற்றது போலத் தோன்றும். மாறாக, மஞ்சளித்த இலை ஒன்றை மிக அருகிலிருந்து எடுத்தால், ஒளி மஞ்சளானது என்று கொண்டு நீலத்தைக் கூட்டும். நோயுற்ற இலையின் மஞ்சள் குன்றித் தோன்றும். அஃதாவது, நலமுள்ள பயிருக்கும் நலங்குன்றிய பயிருக்கும் உள்ள வேறுபாட்டையே தானியங்கி அமைப்பு குறைத்துக் காட்டும். கள அலுவலர் தேடிச் செல்வதோ அவ்வேறுபாட்டைத்தான். செம்மண் நிலத்தின் படத்திலும் இதே பிழை நேரும். மண்ணின் செம்மை குறைந்து பழுப்பாகத் தோன்றும்.

இத்தகைய பிழை எளியவர்க்கு மட்டுமே உரியது அன்று. 1976 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாள் அமெரிக்காவின் வைக்கிங்-1 விண்கலம் செவ்வாயில் இறங்கியது. மறுநாள் கிடைத்த முதல் வண்ணப் படத்தில் செவ்வாயின் வானம் பூமியின் வானத்தைப் போல் நீலமாகத் தோன்றியது. விண்கலத்திலேயே பொருத்தப்பட்டிருந்த நிற அளவுத் தகடுகளைக் கொண்டு படத்தைத் திருத்திய பின்னரே, அவ்வானம் இளஞ்சிவப்புச் சாயல் உடையது எனத் தெளிந்தனர். நிறம் அறிந்த ஒரு பொருள் படத்திற்குள்ளேயே இருந்தமையால் பிழை தெரிந்தது, திருத்தவும் முடிந்தது. வயலிற் பணியாற்றுவோர்க்கும் உதவக்கூடிய வழி இதுவே.

வயலில் கைக்கொள்ள வேண்டிய முறை

முதலாவதாக, சாம்பல் அட்டை ஒன்றை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். நிழற்படக் கருவிகள் விற்கும் கடைகளில், விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டை கிடைக்கும். அது கிடைக்காவிடில், குழாய் மரைகளில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை ஒரு சிறு அட்டையின் மேல் பல அடுக்குகளாகச் சுற்றிக் கொள்ளலாம். அப்பொருள் ஒளியிலுள்ள எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகத் திருப்பியனுப்பும் இயல்புடையது.

எழுதும் வெள்ளைத்தாளைப் பயன்படுத்துவது தவிர்க்கத்தக்கது. பளிச்சிடும் வெண்மைக்காக இத்தாள்களில் சேர்க்கப்பெறும் வேதிப்பொருள், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியாக வெளியிடுகின்றது. அந்த நீலத்தை ஈடு செய்யும்பொருட்டுக் காமிரா மஞ்சளைக் கூட்டும். நலமுள்ள இலையும் அதனால் மஞ்சளித்தது போலாகும். வெளுத்த சட்டைத் துணிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவதாக, அட்டையை இலைக்கு அருகில், இலை நோக்கும் திசையையே நோக்குமாறு வைத்தல் வேண்டும். இலை நிழலிலும் அட்டை வெயிலிலும் இருப்பின் பயனில்லை. தனிச் சமன்பாடு செய்யும் வசதியுள்ள காமிராவாயின், சட்டம் முழுவதும் அட்டை நிறையுமாறு ஒரு படம் எடுத்து, அதனையே அளவாகக் கொள்ளும்படி அமைத்துப் பின்னர் இலையை எடுக்கலாம். மேகம் சூழ்ந்தாலும், வெயில் திரும்பினாலும், இடம் மாறினாலும் அளவைப் புதிதாக எடுத்தல் வேண்டும்.

கைப்பேசியில் இவ்வசதி பெரும்பாலும் இராது. கெல்வின் எண்ணைக் கையால் அமைக்க இயலுமாயின், நேர் வெயிலுக்கு 5,500 என்றும் மேகமூட்டத்திற்கு 6,500 என்றும் அமைத்துத் தொடங்கலாம். இவ்வெண் அங்குள்ள ஒளி யாதென்று காமிராவுக்கு அறிவிப்பதாகும். உள்ளதைவிடக் கூடுதலான எண்ணை அமைத்தால் படம் மஞ்சளாகும். குறைவாக அமைத்தால் நீலமாகும். அவ்வாறு அமைக்க இயலாவிடின், அட்டையும் இலையும் ஒரே படத்தில் அடங்குமாறு எடுத்தனுப்பினால் போதும். படத்தைப் பெறுபவர், திருத்தும் மென்பொருளில் அட்டையின் மீது சுட்டி, நிறத்தைச் சரிசெய்து கொள்வார். 'ரா' எனப்படும் மூலக் கோப்பாகச் சேமித்தால் இத்திருத்தம் இழப்பின்றி நடைபெறும். சாதாரண ஜேபெக் கோப்பில் ஓரளவே இயலும்.

மூன்றாவதாக, சுற்றுப்புறத்தைக் கவனித்தல் வேண்டும். நீலத் தார்ப்பாயின் கீழும், பச்சை நிழல்வலைக்குள்ளும், அடர்ந்த மரத்தடியிலும் ஒளி நிறம் மாறியே வருகின்றது. படமெடுப்பவர் அணிந்துள்ள செந்நிற ஆடையும் அருகிலுள்ள இலை மீது தன் சாயலை வீசும். இலையின் பளபளப்பில் வானம் பிரதிபலித்தால் அப்பகுதி வெளிறித் தோன்றும். இலையைச் சற்றுச் சாய்த்து இதனைத் தவிர்க்கலாம். அட்டை மிகு வெளிச்சத்தால் வெளுத்துப் போகாதபடியும் பார்த்துக் கொள்ளல் வேண்டும். மூன்று நிறங்களும் உச்ச அளவை எட்டிவிட்டால், அவற்றின் விகிதத்தை அறிய வழியில்லை.

இலை வண்ண அட்டையும் படமும்

நெல்லுக்குத் தழைச்சத்து இடும் வேளையை அறிய உதவும் இலை வண்ண அட்டை பணியாளர் பலரும் அறிந்ததே. நன்கு விரிந்த மேல் இலைகளைப் பத்துச் செடிகளில் தேர்ந்து, இலையை உடலின் நிழலில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே வேளையில், கூடியவரை அதே ஆளே பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. ஒளி மாறினால் நிறம் மாறித் தோன்றும் என்பதை உணர்ந்தே இவ்விதி வகுக்கப்பட்டுள்ளது. கட்டாக்கிலுள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டு நெல் வகைகளுக்கேற்ற அட்டையை உருவாக்கியதோடு, இலையின் படத்தைக் கொண்டு தழைச்சத்துத் தேவையைக் கணிக்கும் கைப்பேசிச் செயலியையும் வெளியிட்டுள்ளது.

இலையைப் படமெடுத்து அனுப்பும்போது, இவ்வண்ண அட்டையையும் உடன் வைத்து எடுத்தல் சிறந்த முறையாகும். வெண்மைச் சமன்பாட்டைச் செவ்வனே செய்த பின்னரும், பல கைப்பேசிகள் படம் கவர்ச்சியாகத் தோன்றும்பொருட்டுப் பச்சையையும் நீலத்தையும் மிகைப்படுத்துகின்றன. பார்ப்பவரின் திரையும் நிறத்தை மாற்றிக் காட்டலாம். ஆனால் இலையும் அட்டையும் ஒரே படத்தில் ஒரே மாற்றத்திற்கு உட்படுவதால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இயலும். அட்டையின் படத்தைத் தாளில் அச்சிட்டு மூல அட்டைக்குப் பதிலாகப் பயன்படுத்துவது மட்டும் கூடாது. மண்ணின் நிறத்தைக் குறிப்பவர்கள் மன்செல் வண்ண ஏட்டைப் பயன்படுத்தும்போதும் இவ்வெச்சரிக்கைகள் பொருந்தும்.

திருத்த இயலாத ஒளி

சில குறைகளை எந்தச் சமன்பாடும் நீக்காது. சன்னல் வழியே பகலொளியும் மேலிருந்து மின்விளக்கொளியும் ஒருங்கே விழும் அறையில், இலையின் ஒரு பக்கத்துக்கு ஏற்ற திருத்தம் மறுபக்கத்துக்கு ஏலாது. இவற்றுள் ஒன்றை விலக்குதலே வழி. குழல் விளக்குகளின் ஒளியிலும் மலிவான எல்.இ.டி. விளக்குகளின் ஒளியிலும் சில நிறப் பகுதிகள் மிகக் குறைவாக உள்ளன. இல்லாத ஒளியை இலை திருப்பியனுப்ப இயலாது. எண்களைப் பெருக்கியும் அதனை வருவிக்க இயலாது. ஆகவே கொண்டு வந்த மாதிரி இலையை அலுவலகத்தின் விளக்கடியில் வைத்துப் படமெடுப்பதைவிட, பகலில் சன்னலருகே வைத்து விளக்கை அணைத்துவிட்டு எடுப்பது நலம்.

பள்ளியில் ஒரு சோதனை

இக்கருத்துகளை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்களுக்குக் கைப்பேசி ஒன்றே போதும். டெஃப்லான் நாடா சுற்றிய அட்டையையும் ஒரு பச்சை இலையையும் அருகருகே வைத்து, கெல்வின் எண்ணை 5,500 என நிலைநிறுத்தி, வெயிலிலும் நிழலிலும் மின்விளக்கின் கீழும் மூன்று படங்கள் எடுக்கச் செய்யலாம். நிழற்படத்தில் அட்டை நீலச் சாயலும், மஞ்சள் ஒளி தரும் விளக்கின் படத்தில் மஞ்சட் சாயலும் பெறக் காணலாம். அடுத்து, தானியங்கி அமைப்பில் விட்டு, அட்டையை ஒரு முறை பெரிய பச்சைத் துணியின் மீதும், மறுமுறை சிவப்புத் துணியின் மீதும் வைத்து எடுக்கலாம். ஒளி மாறாதிருக்கவும் அட்டையின் நிறம் மாறித் தோன்றுமாயின், காமிராவின் ஊகம் பிழைத்தது என மாணவர் தாமே அறிவர். கணினியில் அட்டையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைப் படித்து, அவற்றைச் சமமாக்கும் பெருக்கெண்களைக் காண்பது விகிதப் பாடத்திற்கு நல்ல பயிற்சியாகும்.

நிறம் சரியாக அமைந்த படமும் வயலை நேரிற் காண்பதற்கு ஈடாகாது. மஞ்சளித்தது முதிர்ந்த இலையா இளம் இலையா, வயல் முழுவதுமா ஒரு திட்டிலா, இட்ட உரம் என்ன, தேங்கிய நீர் எவ்வளவு என்னும் செய்திகளும் படத்துடன் செல்லுதல் வேண்டும். படமெடுத்த நேரம், வெயிலா நிழலா என்னும் குறிப்பு, சட்டத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால், தொலைவிலிருந்து அதனைக் காணும் வல்லுநர் இலையின் நிறத்தையும் ஒளியின் நிறத்தையும் வேறு பிரித்து அறிய முடியும். இதற்காகும் காலம் அரை நிமிடமே. அந்த அரை நிமிடம், தேவையற்ற ஒரு மூட்டை யூரியாவை உழவர் வாங்காதிருக்கச் செய்யுமாயின் அதுவே தக்க பயனாகும்.